அரசியல் தலைவருக்கு இரங்கல் உரை எழுதுறது எப்படி: முதல் வரியில இருந்து மைக் வரைக்கும்

கட்சியோட பெரிய தலைவரா இருக்கட்டும், நம்ம ஊர்ல பல வருஷம் கவுன்சிலரா இருந்தவரா இருக்கட்டும், ஒருத்தர் இறந்துட்டா இரங்கல் கூட்டம்னு ஒண்ணு போடுவாங்க, "நீதான் நல்லா பேசுவியே, நாலு வார்த்தை பேசிடு"ன்னு பொறுப்பு யாராவது ஒருத்தர் தலையில வந்து விழும், கைல இருக்கிற நேரம் பெரும்பாலும் ஒரே ஒரு ராத்திரி தான். அந்த ராத்திரியில உக்காந்து எழுதப் போறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், கீழ வர்ற எல்லா படியும் இதுல இருந்துதான் வருது. அவர் எவ்ளோ பெரிய ஆளுன்னு சொல்றது உங்க வேலை இல்ல, அது வந்து உக்காந்திருக்கிறவங்களுக்கே தெரியும், தெரிஞ்சதாலதான் வந்திருக்காங்க. அவர் போனதுல நமக்கு எது இல்லாம போச்சுன்னு சொல்லணும். "சரித்திர நாயகர், சகாப்தம், இமயம், ஏழைகளின் விடிவெள்ளி"ன்னு அடைமொழியா அடுக்கிக்கிட்டே போற பேச்சு ஏன் யார் மனசுலயும் ஒட்டாம போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. அதே அடைமொழிய அடுத்த மாசம் வேற ஒருத்தர் படத்துக்கு முன்னாடியும் அப்படியே சொல்லலாம், ஒரு எழுத்து கூட மாத்த வேண்டியதில்ல.

படி 1: எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, எது போச்சுன்னு கண்டுபிடிங்க

பேனாவை எடுக்காதீங்க, போனை எடுங்க. அவரோட டிரைவர், வீட்டுக்கு எதிர்ல டீக்கடை வெச்சிருக்கிறவர், அவர்கிட்ட மனு குடுக்கப் போன அம்மா, அவரை எதிர்த்து எலெக்‌ஷன்ல நின்னவர், இப்படி ஒரு நாலஞ்சு பேர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நாளைல இருந்து உங்களுக்கு எது மாறும்?" அவர் எப்படிப்பட்டவர்னு கேட்டா "தங்கமானவர்"னுதான் பதில் வரும், அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. எது மாறும்னு கேட்டாதான் பொருள் வரும், இடம் வரும், நேரம் வரும்.

நம்ம மொழியில இது ரொம்ப பழைய வழி. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தப்போ ஔவையார் பாடின பாட்டு புறநானூறுல 235-ஆவதா இருக்கு, அது எப்படி ஆரம்பிக்குது தெரியுமா, "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே". கொஞ்சமா கள்ளு கிடைச்சா எங்களுக்கே குடுத்துடுவான், அதெல்லாம் போச்சேன்னு அர்த்தம். ஒரு மன்னன் செத்திருக்கான், போர்ல வேல் பாஞ்சு செத்திருக்கான், பாடுறது அவன் அவையில இருந்த பெரிய புலவர், ஆனா முதல் வரியில நாடும் இல்ல, வெற்றியும் இல்ல, கொஞ்சூண்டு கள்ளு. நிறைய கிடைச்சா எங்களைப் பாட வெச்சு தானும் சேர்ந்து குடிப்பான், சோறு கொஞ்சமா இருந்தாலும் பல பேரோட உக்காந்துதான் சாப்பிடுவான்னு போகுது, ஒவ்வொண்ணு முடியும்போதும் அந்த "மன்னே" திரும்பத் திரும்ப வந்து விழுது. பாட்டு முடியப் போற இடத்துல, இனிமே பாடுறவங்களும் இல்ல, பாடுறவங்களுக்குக் குடுக்கிறவங்களும் இல்லன்னு நிக்குது. அவன் வீரத்தைப் பத்தி எழுத ஔவைக்கு எவ்ளவோ இருந்திருக்கும், ஆனாலும் பங்கு போட்டுச் சாப்பிட்டதுலதான் ஆரம்பிச்சாங்க, ஏன்னா போனது அதுதான்.

இதை நம்ம கவுன்சிலருக்கு எப்படிப் போடுறது? சும்மா ஒரு உதாரணத்துக்கு, "எளிமையின் சிகரம், ஏழைகளின் பாதுகாவலர்"ங்கிறதை அடிச்சுட்டு இப்படி எழுதலாம்:

"மனு எழுதத் தெரியாதவங்க அவர் வீட்டுத் திண்ணைக்குப் போவோம். அவரே பேனாவ எடுத்து எழுதி, 'கீழ ஒரு கையெழுத்துப் போடும்மா'ன்னு நீட்டுவார். கைநாட்டுன்னா மைப்பெட்டியும் அவர்கிட்டயே இருக்கும். நாளைக்கு நாம எந்தத் திண்ணைக்குப் போறது?"

பாதுகாவலர்ங்கிற வார்த்தையே இதுல இல்ல, ஆனா கேக்கிறவங்க மனசுக்குள்ள அது தானா வரும்.

படி 2: எந்த இடத்துல நின்னு பேசுறீங்கன்னு முடிவு பண்ணுங்க

நீங்க தொண்டரா, பக்கத்து வீட்டுக்காரரா, எதிர்க்கட்சியா, சொந்தக்காரரா? ஒண்ணைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்க, எல்லாமா இருக்கப் பாத்தா குரல் சிதறிடும். ரெண்டு இடத்துல ஒரே நேரத்துல நிக்க வேண்டிய நிலைமைன்னா அதை மறைக்காதீங்க, அதுலயே உங்க உரை இருக்கலாம்.

2018 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கலைஞர் கருணாநிதி இறந்தப்போ மு.க.ஸ்டாலின் எழுதின கடிதம் இதுக்கு நல்ல உதாரணம். "ஒரே ஒருமுறை இப்போதாவது 'அப்பா' என அழைத்துக் கொள்ளட்டுமா 'தலைவரே'!"ன்னு கேட்டிருந்தார். கட்சிக்காரங்க, கட்சிக்கு ஆகாதவங்கன்னு எல்லாரையும் அந்த வரி ஏன் நிறுத்துச்சு? வாழ்நாள் பூரா அப்பான்னு கூப்பிட்டதை விட தலைவரேன்னு கூப்பிட்டதுதான் அதிகங்கிற ஒரு உறவு அந்த ஒரு வாக்கியத்துல முழுசா இருக்கு, அதுவும் கேள்வியா இருக்கு, அதுவும் பதில் சொல்ல வேண்டியவர் இல்லாதப்போ கேக்கிற கேள்வி. இன்னொண்ணையும் கவனிங்க, அப்பான்னு கூப்பிட அனுமதி கேட்டுட்டு வாக்கியத்தை "தலைவரே"ன்னுதான் முடிக்கிறார், அனுமதி இன்னும் கிடைக்கல. இப்படி ஒரு வரிய உக்காந்து யோசிச்சு செஞ்சிட முடியாது, அந்த உறவுல நிஜமா என்ன இருந்துச்சுன்னு தேடினாதான் கிடைக்கும்.

படி 3: தொடக்கம்

"அவர்களே, அவர்களே"ன்னு மேடையில இருக்கிற எல்லார் பேரையும் வாசிக்காதீங்க. இரங்கல் கூட்டத்துல அதுக்கு அவசியமே இல்ல, தலைமை தாங்குறவர் பேரை மட்டும் சொன்னா போதும். பொறந்த ஊர், பொறந்த வருஷம், வகிச்ச பதவின்னும் ஆரம்பிக்க வேண்டாம், அது நோட்டீஸ்லயே இருக்கும்.

1948 ஜனவரி 30 சாயங்காலம் காந்தி டில்லி பிர்லா மாளிகையில சுடப்பட்டார், அன்னிக்கே நேரு அகில இந்திய வானொலியில பேசினார். நம்ம வாழ்க்கையில இருந்து ஒளி போயிடுச்சு, எங்க பாத்தாலும் இருட்டா இருக்கு, உங்ககிட்ட என்ன சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல, இப்படித்தான் ஆரம்பிக்குது. ஒரு நாட்டோட பிரதமர் எனக்குத் தெரியலன்னு சொல்றார், கேக்கிற அத்தனை பேரும் அந்த நிமிஷத்துல அந்த நிலைமையிலதான் இருக்காங்க. முதல் வரியோட வேலை அவ்ளோதான், கூட்டம் எந்த நிலையில இருக்கோ அங்க போய் நீங்களும் நிக்கிறது.

படி 4: உத்திகள் (இதுலதான் நேரம் செலவு பண்ணணும்)

*சொன்னதைத் திருத்திக்கிறது.* நேரு உரையிலேயே இருங்க. பாபு இப்போ இல்லன்னு சொல்றார், உடனே அப்படிச் சொல்றது தப்போ என்னவோன்னு தயங்குறார், ஆனாலும் இத்தனை வருஷம் பாத்த மாதிரி இனிமே பாக்க முடியாது, யோசனை கேக்கவோ ஆறுதல் தேடவோ அவர்கிட்ட ஓட முடியாதுன்னு போறார் (இங்கயும் பாருங்க, நமக்கு எது போச்சுங்கிறதுதான்). கொஞ்ச நேரம் கழிச்சு முதல் வரிக்கே திரும்பி வந்து, ஒளி போயிடுச்சுன்னு சொன்னேனே அது தப்பு, இந்த நாட்டுல எரிஞ்சது சாதாரண ஒளி இல்ல, ஆயிரம் வருஷம் கழிச்சும் தெரியும்னு சொல்றார். எடுத்த எடுப்புலயே "அவர் என்றும் வாழ்வார்"னு சொல்லியிருந்தா யாரும் நம்பியிருக்க மாட்டாங்க, அது எல்லாரும் சொல்றது. முதல்ல இருட்டை ஒத்துக்கிட்டு, அதுல கொஞ்ச நேரம் நின்னு, அதுக்கப்புறம் இல்ல நான் சொன்னது தப்புன்னு திரும்பும்போது கேக்கிறவங்களும் கூடவே திரும்புறாங்க. நீங்க இதைப் பண்றதா இருந்தா ரெண்டு வரியையும் பக்கத்து பக்கத்துல வெக்காதீங்க, நடுவுல உரையோட பாதியாவது போகணும்.

*நேரா அவர்கிட்டயே பேசுறது, அவர் சொன்னதையே அவர்கிட்ட திருப்பிக் கேக்கிறது.* ஒப்பாரியில "என்னைப் பெத்த ராசாவே"ன்னு கூப்பிடுறது நம்ம காதுலயே இருக்கிற விஷயம், மேடையில இதைச் செஞ்சதுல எனக்குத் தெரிஞ்சு உச்சம், 1969 பிப்ரவரி 3-ல அண்ணா இறந்தப்போ வானொலியில கருணாநிதி வாசிச்ச கவிதாஞ்சலி. "எதையும் தாங்கும் இதயம் வேண்டும்"ங்கிறது அண்ணா தம்பிகளுக்குச் சொன்னது, கட்சிக்காரங்க எல்லாருக்கும் மனப்பாடம். அந்த வார்த்தையையே எடுத்து, எதையும் தாங்கச் சொன்னீங்களே, இதைத் தாங்க எங்களுக்கு ஏது இதயம்னு கேக்கிறார். தலைவர் குடுத்த அறிவுரை தலைவர் சாவு முன்னாடி தோத்துப் போற இடம் அது, அங்கயே கூட்டம் உடைஞ்சிடும்.

ஆனா அங்க நிக்கல, அடுத்து வர்ற நகர்வுகளைப் பாருங்க. எழுந்து வாங்கண்ணான்னு கெஞ்சுறார். நீ வரமாட்டாய்னு அவரே ஒத்துக்கறார். வர முடியாதுன்னா அதை விடச் சின்னதா ஒண்ணு கேக்கிறார், "இரவலாக உன் இதயத்தைத் தந்திடண்ணா". நான் வரும்போது கையோட கொண்டு வந்து உங்க கால்ல வெச்சிடறேன்னு வாக்கு குடுக்கிறார். முடியாததைக் கேக்கிறது, முடியாதுன்னு ஒத்துக்கிறது, சின்னதாக்கிக் கேக்கிறது, திருப்பித் தர்றேன்னு கடன் ஏத்துக்கிறது, இந்த நாலு அசைவுக்குள்ள அழுகையில இருந்து பொறுப்புக்கு வந்துட்டார். வாங்கறது தானம் இல்ல, இரவல், அதனாலதான் அதுல வேலை இருக்கு. கட்சியை அடுத்து யார் நடத்துறதுங்கிற கேள்வி அந்த நேரத்துல இருந்துச்சு, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம அதுக்கு ஒரு பதிலும் அந்த வரிக்குள்ள உக்காந்திருக்கு, இது எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். அந்த வாக்கு எவ்ளோ ஆழமா பதிஞ்சுதுன்னா, 49 வருஷம் கழிச்சு 2018 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மெரினாவில அண்ணா நினைவிடம் பக்கத்துலயே கருணாநிதியை அடக்கம் பண்ணினப்போ, இரவல் வாங்கின இதயத்தைத் திருப்பிக் குடுக்கப் போறார்னு ஜனங்க அந்த வரியைத்தான் சொல்லிக்கிட்டாங்க.

நீங்க பண்ண வேண்டியது: உங்க தலைவர் அடிக்கடி சொல்ற ஒரு வார்த்தை கண்டிப்பா இருக்கும். "பாத்துக்கலாம் விடுப்பா"ன்னு சொல்றவரா இருக்கலாம், "வெயில்ல ஏன் நிக்கிற, உள்ள வா"ன்னு சொல்றவரா இருக்கலாம். அதைக் கண்டுபிடிச்சு ஒரே ஒரு தடவை, உரையோட முக்கால்வாசி போனதுக்கப்புறம், அவர்கிட்டயே திருப்பிக் கேளுங்க. ஒரு எச்சரிக்கை, முழு உரையையும் முன்னிலையில பேசாதீங்க, படர்க்கையில போயிட்டு இருக்கும்போது சட்டுனு அவர் பக்கம் திரும்பினாதான் அதுக்கு வலு.

*முரண்.* கருணாநிதியோட பேழை மேல எழுதியிருந்த வாசகம் ஞாபகம் இருக்கும், "ஓய்வெடுக்காமல் உழைத்தவர் இதோ ஓய்வு கொண்டிருக்கிறார்". முதல் ஓய்வுல ஒரு வாழ்க்கை, ரெண்டாவது ஓய்வுல ஒரு சாவு, நடுவுல ரெண்டே வார்த்தை. இதை ஒரு உரையில ஒரு தடவை வெச்சா போதும். மூணு தடவை வெச்சா பட்டிமன்றம் மாதிரி ஆயிடும், கைதட்டு வரும், இரங்கல் கூட்டத்துல கைதட்டு வந்துச்சுன்னா எங்கயோ தப்பாயிடுச்சுன்னு அர்த்தம்.

*அடுக்கு.* மூணுக்கு மேல போகாதீங்க. 1964 மே மாசம் நேரு இறந்தப்போ மாநிலங்களவையில, காங்கிரஸை எதிர்த்த ஜனசங்கத்துக்காரரான வாஜ்பாய் ஹிந்தியில பேசினார்: ஒரு கனவு, பாதியிலயே நின்னு போச்சு, ஒரு பாட்டு, ஊமையாயிடுச்சு, ஒரு சுடர், எல்லையில்லாத வெளியில கலந்துடுச்சு. ஒவ்வொண்ணும் முதல்ல இருந்ததைச் சொல்லிட்டு அப்புறம் போனதைச் சொல்லுது, ஒரே அச்சு, ஆனா மூணு வேற வேற விதமான இழப்பு. உங்க அடுக்குல மூணும் ஒரே அர்த்தம்னா ("நல்லவர், வல்லவர், உத்தமர்") ரெண்டை அடிச்சிடுங்க.

எதுகை மோனை தானா வந்தா வரட்டும். தேடிப் போகாதீங்க, தேடினது காதுக்குத் தெரிஞ்சிடும்.

படி 5: குறையையும் கருத்து வேறுபாட்டையும் என்ன பண்றது

இதைத்தான் ரொம்ப பேர் பயந்து விட்டுடுறாங்க. அரசியல் தலைவர்னாலே அவரை எதிர்த்தவங்களும் அந்தக் கூட்டத்துல உக்காந்திருப்பாங்க, சொந்தக் கட்சியிலேயே கோவம் உள்ளவங்க இருப்பாங்க. ஒரு குறையும் இல்லாத மனுஷனா காட்டினீங்கன்னா அவங்க அத்தனை பேரும் மனசுக்குள்ள உங்களோட வாதாட ஆரம்பிச்சிடுவாங்க.

1968 ஜூன் 8-ஆம் தேதி நியூயார்க் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்துல, சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அரசியல் தலைவர் ராபர்ட் கென்னடிக்கு தம்பி எட்வர்ட் கென்னடி பேசினது இதுக்குப் பாடம். என் அண்ணனைச் செத்ததுக்கப்புறம் இருந்ததை விடப் பெருசாக்க வேண்டாம், தப்பைப் பாத்தார், சரிபண்ணப் பாத்தார், துன்பத்தைப் பாத்தார், ஆத்தப் பாத்தார், போரைப் பாத்தார், நிறுத்தப் பாத்தார், அப்படி ஒரு நல்ல மனுஷனா நினைச்சா போதும்னு கேட்டார். சாதிச்சார்னு சொல்லல, முயற்சி பண்ணினார்னு மட்டும்தான் சொன்னார். அதுல பொய் கிடையாது, அதனால யாராலயும் எதிர்த்துப் பேச முடியாது.

நீங்க எதிர்க்கட்சிக்காரர்னா வேறுபாட்டை ஒரே வாக்கியத்துல வெளிப்படையா சொல்லிடுங்க, சொல்லிட்டு அதை அங்கேயே விட்டுட்டு அவர்கிட்ட நீங்க மதிச்ச ஒண்ணுக்கு வாங்க. வாஜ்பாயும் அப்படித்தான், கருத்து வேறுபாடு இருந்துச்சுன்னு சொல்லிட்டுதான் நேருவோட நேர்மையையும் நாட்டுப்பற்றையும் பேசினார், அது காங்கிரஸ்காரர் சொல்ற புகழை விடப் பல மடங்கு எடை. நம்ம ஊர்லயே 1972 டிசம்பர்ல ராஜாஜி இறந்தப்போ சக்கர நாற்காலியில வந்து அழுத பெரியாரை யாரும் மறக்கல, அவங்க ரெண்டு பேரும் அரசியல்ல பல வருஷம் எதிரெதிர்ப் பக்கம் நின்னது எல்லாருக்கும் தெரிஞ்சதாலதான் அந்தக் கண்ணீருக்கு அவ்ளோ மதிப்பு.

செத்தவர் மேல இருந்த ஊழல் புகார், வழக்கு இதையெல்லாம் இரங்கல் மேடையில எடுக்கவும் வேண்டாம், "குற்றமற்றவர்"னு தீர்ப்பு குடுக்கவும் வேண்டாம்.

படி 6: சாதனைகளும் எண்களும்

திட்டங்களைப் பட்டியலா வாசிக்காதீங்க. ஒண்ணே ஒண்ணை எடுத்து, அதை அவர் வாழ்க்கையோட ஒரு நாள்ல கொண்டு போய் முடிச்சுப் போடுங்க. அண்ணா சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடுன்னு பேர் வெச்சார்னு சொன்னா அது தகவல். அந்தப் பேர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, அவர் கண்ணை மூடினது பிப்ரவரி 3, தான் வெச்ச பேரோட இருந்த தமிழ்நாட்டுல அவர் இருந்தது வெறும் 20 நாள்னு சொன்னா அதே தகவல் நெஞ்சுல இறங்கும். உங்க கவுன்சிலர் தண்ணி டேங்க் கட்டினார்னா எத்தனை லட்சம் லிட்டர்னு சொல்றதை விட, எந்தத் தெருப் பொண்ணுங்க எத்தனை மணிக்குக் குடத்தோட எழுந்திருக்கிறது நின்னு போச்சுன்னு சொல்லுங்க. தேதியை மட்டும் ரெண்டு தடவை சரிபாருங்க, குடும்பம் முன்னாடி உக்காந்திருக்கும்.

படி 7: கோவம் இருக்கிற கூட்டம்னா

கொலை, விபத்து, சந்தேகமான சாவு, இந்த மாதிரி நேரத்துல நீங்க பேசுற ஒரு வார்த்தை வெளிய போய் என்ன வேணா ஆகலாம். 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி, அமெரிக்கக் கறுப்பின மக்களோட உரிமைக்குப் போராடின மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ராத்திரி, ராபர்ட் கென்னடி இண்டியானாபொலிஸ்ல ஒரு கூட்டத்துக்கு முன்னாடி நின்னார், எதிர்ல பெரும்பாலும் கறுப்பின மக்கள், நிறைய பேருக்கு அவர் சொல்லித்தான் விஷயமே தெரியுது. கோவப்படாதீங்கன்னு அவர் சொல்லல. உங்களுக்கு வெறுப்பு வரலாம், எனக்கும் அதே உணர்வு இருக்கு, என் குடும்பத்துலயும் ஒருத்தரைக் கொன்னாங்க (அவர் அண்ணன் ஜான் கென்னடியை), கொன்னதும் ஒரு வெள்ளைக்காரன்தான்னார். முதல்ல கோவத்துக்கு நியாயம் குடுத்தார், அப்புறம்தான் வெறுப்பும் வன்முறையும் நமக்கு வேண்டாம், அன்பும் அறிவும் ஒருத்தருக்கொருத்தர் இரக்கமும்தான் வேணும்னு வந்தார். அன்னிக்கு ராத்திரி அமெரிக்காவுல நிறைய நகரம் பத்தி எரிஞ்சுது, இண்டியானாபொலிஸ் அமைதியா இருந்துச்சு.

நேருவும் அதே மாதிரி, கோவம்ங்கிற காரணத்தைச் சொல்லி யாரும் தப்பா நடந்துக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, மறுநாள் உண்ணாநோன்பும் பிரார்த்தனையும்னு ஜனங்களுக்குக் கையில ஒரு வேலை குடுத்தார். துக்கத்துல இருக்கிற கூட்டத்துக்குச் செய்ய ஏதாவது ஒண்ணு வேணும், நீங்க குடுக்கலன்னா வேற யாராவது குடுப்பாங்க.

படி 8: முடிவும் மைக்கும்

முடிவுல ஒரே ஒரு வேண்டுகோள் வைங்க, நாளைக்குக் காலையில செய்யக்கூடியதா இருக்கட்டும். "அவர் வழியில் நடப்போம்"ங்கிறது செய்யக்கூடியது இல்ல. "சனிக்கிழமை சனிக்கிழமை அவர் திண்ணையில மனு எழுதினார், இந்தச் சனிக்கிழமை நூலக வாசல்ல நாங்க ரெண்டு பேர் பேனாவோட உக்காரப் போறோம், எழுதத் தெரிஞ்சவங்க வாங்க"ங்கிறது செய்யக்கூடியது.

பெரிய எழுத்துல, தாளோட ஒரு பக்கம் மட்டும், மூச்சு விடுற இடத்துல வரியை உடைச்சு எழுதிக்கோங்க. சத்தமா ரெண்டு தடவை வாசிங்க, போன்ல டைமர் ஓடட்டும், அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா வெட்டுங்க, முதல்ல அடைமொழிகளை வெட்டுங்க. எந்த வரியில உங்களுக்கே தொண்டை அடைக்குதுன்னு வீட்டுலயே தெரிஞ்சிடும், அந்த வரிக்கு முன்னாடி ஒரு கோடு போட்டு வெச்சுக்கோங்க, மேடையில அங்க நின்னு, தண்ணி குடிச்சுட்டு, மெதுவா சொல்லுங்க. பிரச்சாரக் குரல் வேண்டாம், மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்னு சாதாரணமா பேசினாலே கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்.

உங்களுக்கு முன்னாடி பேசினவர் நீங்க வெச்சிருந்த அதே சம்பவத்தைச் சொல்லிட்டார்னா பதறாதீங்க, "அண்ணன் இப்போ சொன்னாரே அந்தத் திண்ணை, அங்க நானும் நின்னிருக்கேன்"னு அதுலயே ஏறிக்கோங்க, அப்புறம் அவர் சொல்லாத ஒண்ணை மட்டும் சொல்லிட்டு இறங்கிடுங்க. அதுக்காகத்தான் படி 1-ல நாலஞ்சு பேர்கிட்ட கேக்கச் சொன்னேன், ஒண்ணு போனாலும் கைல இன்னும் மூணு இருக்கும்.